இடது காலில் அரை இன்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் கிடைத்தவை: ஒரு ஜோடி ஷூ, மடித்து வைத்த சட்டை, அதன்மேல் மடித்து வைத்த பிரவுன் பேன்ட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கைக்கடிகாரம். நடு ஏரியில் ஒரு காலிப் படகு.

புதன்கிழமை காலைவரை கிடைக்காதது: ஆள்.

ஆள் மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஊருக்கு அவர் 'ரெப்'. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மீதி நாள் உள்ளூர் டாக்டர்களின் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர்.

படகு அவருடைய மச்சானுடையது, அதாவது அவர் மனைவியின் அண்ணனுடையது. ஏரியில் ஒன்பது படகுகளை வாடகைக்கு விடுகிறவர். படகுகளைப் பிணைக்கும் சங்கிலிக்கு இரண்டு சாவிகள். இரண்டும் அவர் வீட்டு முன்னறை ஆணியில்தான் தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் அவர் ரெப்பின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கியதை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். ஊர்க்கணக்கில் இப்போது அது பதினாறு பேர்.

எதற்குப் பிடித்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வீட்டு விஷயம்" என்றார் படகுக்காரர்.

திங்கட்கிழமையும் அதே பதில், செவ்வாய்க்கிழமையும் அதே பதில். செவ்வாய் சாயங்காலம் அவரை ஸ்டேஷனிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அவருடைய மனைவிதான் ஊசி அக்கா. கடைவீதியில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. பிரிப்பது, குறைப்பது, மடிப்பது, ஒட்டுப் போடுவது மட்டும். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக் கோப்பை காணாமல் போனபோதும், பேக்கரிக் கண்ணாடியில் கல் விழுந்தபோதும், போலீஸ் ஆளைத் தேடிக்கொண்டிருக்க, இவள் முழங்கை எங்கே தேய்ந்திருக்கிறது, பாக்கெட் எதனால் கிழிந்தது என்று பார்த்து விடை சொன்னவள். அதிலிருந்து ஊரில் எது காணாமல் போனாலும், பூனை உட்பட, முதலில் இவள் கடைக்குத்தான் ஆள் வரும்.

இந்த முறை காணாமல் போனது நாத்தனார் புருஷன். மாட்டிக்கொண்டது சொந்தப் புருஷன். யாரும் வந்து கேட்கவில்லை.

காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

வழக்கமாக அவர் யூனிஃபார்ம் இடுப்பைத் தளர்த்த வருவார். போன வருஷம் ஒன்றரை இன்ச். அதற்கு முந்தின வருஷம் ஒன்று. இன்று கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது.

"சங்கடமான வேலையா வந்திருக்கேன் அக்கா."

"உங்க இடுப்புல பிரிக்க இனிமே துணி இல்லை சார். அதைவிடச் சங்கடமா?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார். "ரெப்போட பேன்ட். அவர் துணி எல்லாம் நீங்கதான் அளவு பண்ணிக் குடுப்பீங்களாம். இது அவரோடதுதான்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

"போட்டா?"

"ஃபைல் முழுசாகும். நாலு மணிக்கு மேலிடத்து வண்டி வருது. உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்லை."

"போடலைன்னா?"

"அப்பவும் வண்டி வரும்."

ஊசி அக்கா கவரை வாங்கி, பேன்ட்டை வெட்டு மேசைமேல் விரித்தாள். அழவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக ஒன்றைச் செய்தது: ஒரு காலை மற்றொரு கால்மேல் போட்டு, தையலோடு தையல் பொருத்தி, கீழே நீவிக்கொண்டே வந்து நுனியில் நின்றது.

இரண்டு நுனியும் சரிசமமாக இருந்தன.

கை அங்கேயே நின்றது.

ரெப்புக்கு இடது கால் வலதைவிட அரை இன்ச் குறைவு. இது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், ரெப்புக்கே தெரியாது. அவருக்குக் கல்யாணமான புதிதில் முதல் பேன்ட்டுக்கு அளவெடுத்தபோதே ஊசி அக்கா கவனித்துவிட்டாள். சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்களிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது. ஒரு தோள் இறக்கம், ஒரு கை நீளம், ஒரு பக்கம் இடுப்பு ஏற்றம் என்று கோணல் இல்லாத உடம்பே ஊரில் கிடையாது. கண்ணாடி காட்டிக்கொடுக்காததைத் தையல்காரி காட்டிக்கொடுத்தால் மறுநாள் கடைக்கு ஈதான் வரும். எனவே ஆறு வருஷமாக ரெப்பின் ஒவ்வொரு பேன்ட்டிலும் இடது காலை மட்டும் அரை இன்ச் உயர்த்தி மடித்துக் கொடுத்தாள். போட்டால் இரண்டும் சமமாக விழும். ரெப், தன் கால்கள் இரண்டும் ஒன்று என்று நம்பி ஊர் ஊராக நடந்தார்.

இந்த பேன்ட்டை அவர் போட்டிருந்தால் இடது நுனி தரையில் இழுபட்டு, குதிகாலுக்கு அடியில் நைந்திருக்கும். நுனியில் தூசிகூட இல்லை.

அவள் மடிப்பைப் புரட்டினாள். உள்ளே கையால் போட்ட ஹெம்மிங். சின்னச் சின்னத் தையல், நெருக்கமாக, ஒழுங்காக. ஆனால் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடது கையால் தைக்கிறவர்கள் போட்டால்தான் அப்படிச் சாயும்.

ஊரில் அவளுக்குத் தெரிந்து இடது கையால் ஊசி பிடிக்கிறவள் ஒருத்திதான். அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் இவள்தான்.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லை. படிக்கிற கண்ணாடி வீட்டுல இருக்கு. நாலு மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்தே கையெழுத்து போடறேன்."

இன்ஸ்பெக்டர் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார்.

"இது?"

"இது ஊசியில நூல் கோக்கறதுக்கு."

அவர் மறுபேச்சு பேசாமல் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நல்ல மனிதர். ஆனால் நாலு மணி என்றால் அவருக்கு நாலு மணி.

*

ரெப்பின் மனைவியை வீட்டில் 'மைனா' என்று கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மைனா பேசவில்லை.

ஊசி அக்கா போனபோது முன்னறையில் ஆறு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண், எதிர்வீட்டு டீச்சர், மருந்துக்கடைக்காரர், அவர் சம்சாரம், இன்னும் இருவர். யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஆனாலும் பேசினார்கள்.

"ஒரு நாள்கூட அவர் சட்டையில சுருக்கம் பார்த்ததில்லை."

"சாம்பிள் மாத்திரை கேட்டா இல்லைன்னு சொல்லவே மாட்டார்."

ஊசி அக்காவைக் கண்டதும் பேச்சு நின்றது. டீச்சர் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கையை வெச்சவங்க வீட்டு ஆளே துக்கம் கேக்க வர்ற காலம்."

"துக்கம் கேக்க வரலை டீச்சர். என் நாத்தனாரைப் பார்க்க வந்தேன். உங்க ஜாக்கெட் நேத்தே ரெடி. அப்புறமா வந்து வாங்கிக்குங்க, இப்ப கழுத்து சரியா நிக்கும்."

டீச்சர் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

உள்ளறையில் மைனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஊசி அக்கா கதவைச் சாத்தினாள்.

"மைனா, சமீபத்துல யார் பேன்ட்டுக்காவது ஹெம்மிங் போட்டியா?"

மைனா நிமிர்ந்தாள். மூன்று நாளில் முதல் வார்த்தை கோபமாகத்தான் வந்தது. "என் புருஷனை ஏரியில தேடிக்கிட்டிருக்காங்க. நீங்க மடிப்பு பார்க்க வந்தீங்களா அண்ணி?"

"பிரவுன் பேன்ட்."

"போட்டேன். ரெண்டு வாரம் இருக்கும். அவரோட வேலை பார்க்கறவருக்கு. கடையில நீளமா குடுத்துட்டாங்களாம், தெச்சுக் குடுக்க வீட்டுல ஆளில்லையாம். இப்ப அதுக்கென்ன?"

"ஏன் என்கிட்ட வரலை?"

"நான்கூடக் கேட்டேன். அண்ணிக்குத் தலைக்கு மேல வேலை, இதுக்கெல்லாம் போய் நிக்காதேன்னார்."

"அளவு எப்படி எடுத்தே?"

"அவருக்கும் என் அளவுதான்னார். இவரோட பழைய பேன்ட்டை வெச்சு, ஒரு காலை அளந்து, ரெண்டுக்கும் அதையே..." மைனா நிறுத்தினாள். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எந்தக் காலை அளந்தே? வலதா?"

"ஆமா. வலதுதான் மேல இருந்தது."

ஊசி அக்கா அரை இன்ச் கதையைச் சொன்னாள். சுருக்கமாக, அளவு குறிப்பெடுப்பதுபோலச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"கரையில இருந்ததைப் பிரிச்சுப் பார்த்தியா?"

"கவரோட காட்டினாங்க. பிரவுன். மேல அவர் வாட்ச். அதுக்கப்புறம் நான் எங்க பார்த்தேன்..."

"சனிக்கிழமை அவர் போட்டுட்டுப் போன பிரவுன் எங்கே?"

"அதுதானே அங்கே..."

"அது அங்கே இல்லை மைனா. அவர் மேல இருக்கு."

முன்னறையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். டம்ளர் மேசையில் வைக்கும் சத்தம் கேட்கும்வரை மைனா அசையவில்லை.

பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நானே தெச்சுக் குடுத்திருக்கேன்" என்றாள். "பக்கத்துல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தார் அண்ணி. தையல் வெளிய தெரியாம போட்டிருக்கே, கெட்டிக்காரின்னார்."

ஊசி அக்கா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"மைனா..."

"செத்துப் போனவன் பொண்டாட்டின்னா ஆறு நாற்காலி போட்டு உட்கார்ந்து அழறாங்க. விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? இதே ஆறு பேர் ஜன்னல் வழியா பார்ப்பாங்க. இவகிட்ட என்ன குறைன்னு பேசுவாங்க. அவர் செத்தவராவே இருந்துட்டுப் போகட்டும்."

"அவர் செத்தவரா இருந்தா உன் அண்ணன் கொலைகாரன்."

மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு வண்டி வருது" என்றாள் ஊசி அக்கா. "பேன்ட் அவரோடது இல்லைன்னு சொல்லுவேன். அது என் தொழில், அதை மாத்திச் சொல்ல முடியாது. தையல் யாரோடதுன்னு சொல்லமாட்டேன். அது உன் கை. நீதான் சொல்லணும்."

"நான் சொல்லலைன்னா?"

"வண்டி வரும்."

*

மூன்றே முக்காலுக்கு ஊசி அக்கா ஸ்டேஷனுக்குப் போனபோது படகுக்காரர் சுவரோரப் பெஞ்சில் இருந்தார். இரண்டு நாள் தாடி. சட்டையில் மேல் பட்டன் இல்லை. பட்டனை அவள் பார்த்ததை அவர் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"குடுத்தாங்க."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"ம்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நகர்த்தினார். ஊசி அக்கா கையெழுத்து போடவில்லை. பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து, ரெப்பின் பக்கத்தைத் திறந்து வைத்தாள். வலது முப்பதரை. இடது முப்பது. ஆறு வருஷம், பதினான்கு பேன்ட், எல்லாவற்றிலும் அதே இரண்டு எண்கள். பிறகு கவரைக் கேட்டு வாங்கி, பேன்ட்டைக் காலோடு கால் வைத்து, டேப் பிடித்துக் காட்டினாள்.

முப்பதரை. முப்பதரை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஸ்கேல் ஒன்றை எடுத்து அவரும் அளந்தார்.

"சரி. இது உங்க கையால மடிச்சது இல்லை. வேற கடையில குடுத்திருப்பார்."

"வேற கடையில குடுத்து, ஒரு தடவைகூடப் போடாம, ஏரிக்கரைக்குக் கையில எடுத்துட்டுப் போவாரா?"

"அக்கா, நான் நம்பறேன். எனக்கு மேல இருக்கறவங்க நம்பணும். நோட்டு உங்களது. உள்ள இருக்கறவர் உங்க புருஷன். இந்த அரை இன்ச் வேற யாருக்காவது தெரியுமா?"

"இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"பார்த்தீங்களா. வக்கீல் சிரிப்பார்." அவர் மடிப்பைப் புரட்டினார். "இதைத் தெச்ச ஆள் வேணும். எப்ப தெச்சாங்க, யார் சொல்லித் தெச்சாங்கன்னு அந்த ஆள் சொன்னா, வண்டியை நானே திருப்பி அனுப்பிடறேன். இது யார் தையல்?"

ஊசி அக்கா டேப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஊர்ல யார் தையலா இருந்தாலும் பார்த்ததும் சொல்லிடுவீங்க. யாரோடது?"

அவள் டேப்பைச் சுற்றி முடித்தாள். பெஞ்சில் இருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ புரிந்ததுபோல மெதுவாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் எழுந்து தொப்பியை மாட்டினார்.

"அக்கா, கடைசியாக் கேக்கறேன்."

"நான் கையெழுத்து போடமாட்டேன் சார். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அது என் தையல்."

மைனா வாசலில் நின்றாள். செருப்பு இரண்டும் வேறு வேறு. கையில் ரெப்பின் பழைய பேன்ட்டுகள் மூன்று, மடிக்காமல் அள்ளிக்கொண்டு வந்தவை. அவற்றை மேசையில் போட்டாள். "அளந்துக்குங்க சார். மூணுலயும் இடது கால் அரை இன்ச் கம்மி. வீட்டுல அளந்துட்டுத்தான் வந்தேன்."

பிறகு இன்ஸ்பெக்டரின் பேனாவை இடது கையால் எடுத்து நீட்டினாள். "எழுதிக்குங்க."

வந்த வண்டியை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பத்து நிமிஷம் மைனா மட்டும் பேசினாள். ஒரு சொட்டு அழாமல், ஒரு வார்த்தை விடாமல். எந்த நாள், எத்தனை மணி, என்ன நூல், அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதுவரை.

"பேன்ட்டைக் குடுத்தவரோட உங்க உறவு?" இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, ஒரு வழக்கத்துக்காகக் கேட்டதுபோல 'மனைவி' என்று எழுதப் போனார்.

"அதை எழுதாதீங்க. தெச்சுக் குடுத்தவள்னு எழுதுங்க."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே எழுதியது.

"பேன்ட் மட்டும்தான் குடுத்தாரா? வேற ஏதாவது?"

மைனா ஊசி அக்காவைப் பார்த்தாள். இதை அண்ணியிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. மத்தியானம் அவளுக்கே நினைவில்லை. அலமாரியைத் திறந்து பேன்ட்டுகளை அள்ளும்போதுதான் வந்தது.

"ஒரு கவுன். சின்னக் குழந்தையோடது. அதே கூட வேலை பார்க்கறவரோட பொண்ணுக்குன்னார். பேன்ட்டுக்காவது பழசை வெச்சு அளக்கச் சொன்னார் சார். இதுக்கு டேப்பே வேணாம்னுட்டார். வாயாலயே சொன்னார். முட்டிக்குக் கீழ மூணு விரல் இறங்கணும், ஒரு விரல்கூடக் குறையக்கூடாதுன்னார். ஏன்னு கேட்டேன். முட்டியில ஒரு தழும்பு இருக்கு, அது வெளிய தெரிஞ்சா குழந்தை அழும்னார்."

இன்ஸ்பெக்டர் 'மூணு விரல்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"அடுத்தவன் குழந்தை எதுக்கு அழும்னு அவருக்கு எப்படித் தெரியும்னு நான் கேட்டிருக்கணும். மூணு விரல் இறக்கித் தெச்சுக் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "குழந்தைக்கு என்ன வயசிருக்கும்?"

"தெரியாது சார். உயரம்தான் சொன்னார்."

"அஞ்சு" என்றது பெஞ்சு.

மூவரும் திரும்பினார்கள். படகுக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சனிக்கிழமை காலரைப் பிடித்த கைகளை.

"அடுத்த மாசத்தோட அஞ்சு முடியுது" என்றார்.